போர்வெல் வற்றிய வருஷத்தில் ஒரு பேஸ்மென்ட்: சுவரில் தண்ணீர் எந்த வழியாக வந்தது

பின்னணி

பெங்களூரு ராமமூர்த்தி நகர் பக்கம், 40க்கு 60 அடி மனை. வீட்டுக்காரர் குடும்பம் வேலூர்ப் பக்கத்தில் இருந்து வந்து இரண்டு தலைமுறையாக இங்கேயே இருக்கிறது. அவர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், மகன் மிருதங்கம் வாசிப்பவர், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறார். திட்டம் இதுதான்: கீழே ஒரு பேஸ்மென்ட், அதற்கு மேலே மூன்று தளம். பேஸ்மென்டின் முன்பாதியில் கார் நிற்கும், பின்பாதியில் வாத்தியங்கள் வைக்கவும் சாதகம் பண்ணவும் ஒரு பெரிய அறை.

அந்தப் பின்பாதிதான் எல்லாவற்றையும் மாற்றியது. கார் மட்டும் நிற்கிற இடம் என்றால் சுவரில் கொஞ்சம் ஈரம் பூத்தாலும் யாரும் தூக்கம் கெட மாட்டார்கள். நிலத்துக்குக் கீழே கட்டுவதற்கான பிரிட்டிஷ் தரநிலை பிஎஸ் 8102 கூட வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஒரு தரம், ஆள் புழங்கும் அறைக்கு வேறு தரம் என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறது. தோல் வாத்தியத்துக்கு ஈரக்காற்று ஆகாது, தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். ஆகவே இங்கே தண்ணீர் சொட்டாமல் இருந்தால் மட்டும் போதாது, காற்றும் ஓரளவு உலர்ந்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் தரப்பில் மேற்பார்வை பார்த்த சிவில் இன்ஜினியர் நான். கட்டியது ஒரு சின்ன கான்ட்ராக்டர். அவரிடம் திருவண்ணாமலைப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் இருந்தார், வேலை தெரிந்த ஆள்.

குழியில் பார்த்தது (பிப்ரவரி – மார்ச் 2024)

அந்தக் கோடை ஞாபகம் இருக்கும். ஊரே டேங்கருக்குக் காத்துக் கிடந்தது. இந்த மனையில் இருந்த பழைய போர்வெல்லும் வற்றிவிட்டது. மார்ச் மாதம் கட்டுமானத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று குடிநீர் வாரியம் தடை போட்டது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம். அந்த நேரத்தில் நான் வாட்டர்ப்ரூஃபிங் மதிப்பீட்டை நீட்டினால் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? "சார், குடிக்கவே தண்ணி இல்லாத ஊர்ல, தண்ணி உள்ள வந்துடும்னு இவ்வளவு செலவா?" என்றார். நியாயமான கேள்வி, பதில் சொல்லியாக வேண்டும்.

போர்வெல் தண்ணீர் பல நூறு அடி ஆழத்தில் பாறை வெடிப்புகளுக்குள் இருக்கிறது. பேஸ்மென்ட் சுவரை அழுத்தப் போவது அந்தத் தண்ணீர் இல்லை. மேலே பெய்கிற மழை செம்மண்ணில் இறங்கி, கீழே இருக்கிற இறுகிய உளுத்த பாறையில் தடுத்து நின்று, பக்கவாட்டில் நகர்ந்து வருகிற தண்ணீர் அது. அதற்கு மேல் நாம் செய்கிற காரியம் வேறு இருக்கிறது. இறுகிக் கிடந்த நிலத்தைத் தோண்டி, கட்டிடத்தை உள்ளே இறக்கி, சுற்றி மிச்சம் இருக்கிற இடைவெளியில் தளர்வான மண்ணைப் போடுகிறோம். பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்த மாதிரி. மழைத் தண்ணீர் எங்கே இறங்க சுலபமோ அங்கே இறங்கும், அந்த இடைவெளியில் போய் நிற்கும். நிலத்தடி நீர்மட்டம் 1,000 அடிக்குப் போனாலும் இது மாறாது.

வாய்ப்பேச்சை விடக் குழியின் பக்கச் சுவர் நன்றாகப் பேசியது. சுமார் 6 அடி ஆழத்தில் செம்மண் முடிந்து கிராவல் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பட்டை, சாம்பலும் மஞ்சளும் துருச் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக ஓடியது. இரும்புச்சத்துள்ள மண் வருஷத்தில் சில மாதம் தண்ணீரில் ஊறி, சில மாதம் காய்ந்தால்தான் இப்படித் திட்டு விழும். மேஸ்திரி கடப்பாரையால் அங்கே ஒரு கட்டியைப் பெயர்த்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். நல்ல மார்ச் வெயிலில் அதன் உள்பக்கம் இன்னும் குளிர்ச்சியாகவே இருந்தது.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். கான்கிரீட், ஜாயின்ட், ஜாயின்டில் தண்ணீரைத் தடுக்கிற வாட்டர்ஸ்டாப் பட்டை, இவற்றில் பேரம் கிடையாது. சுவரின் வெளிப்பக்கம் ஒட்டுகிற நீர்த்தடுப்பு ஷீட், அதாவது மெம்பரேன், எவ்வளவு, எங்கே என்பதை முதல் பெரிய மழை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

நாலு பக்கமும் ஒரே முறை சரிப்படாது

பேஸ்மென்ட் அளவு 10க்கு 14 மீட்டர். அடியில் முழுப் பரப்புக்கும் போடுகிற கான்கிரீட் தளமான ராஃப்ட் 400 மி.மீ., சுவர் 250 மி.மீ. கனம், உயரம் 3.2 மீட்டர், அதில் சுமார் 3 அடி தரைக்கு மேலே ஜன்னலுக்காகத் தெரியும். கிழக்கு, தெற்கு, மேற்கு மூன்று பக்கமும் ஆள் இறங்கி நின்று வேலை செய்ய இடம் இருந்தது. வடக்கில் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு, நடுவே ஒன்றரை அடிச் சந்து. அதில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், கேஸ் டார்ச்சை வைத்துக்கொண்டு மெம்பரேன் ஒட்ட முடியாது, ஒட்டவும் விடக்கூடாது.

வடக்குப் பக்கத்துக்கு இரண்டு வழி இருந்தது. சந்தில் ஒரு பிளாக் சுவரை எழுப்பி, அதன் மேல் மெம்பரேனை முதலில் விரித்து, அதை ஒட்டியே கான்கிரீட் போடுவது முதல் வழி. நல்ல முறைதான். ஆனால் ஒற்றைப் பக்க ஷட்டரிங் வேண்டும், கம்பி கட்டுகிறவர்கள் மெம்பரேனில் ஓட்டை போடாமல் வேலை செய்ய வேண்டும், எங்கேயாவது கிழிந்தால் பிறகு வாழ்நாளில் யாரும் அதைப் பார்க்கவே முடியாது. இந்தக் கான்ட்ராக்டரின் ஆட்கள் அதைச் செய்து பழகியவர்கள் இல்லை. இரண்டாவது வழி, வெளியே ஒன்றும் ஒட்டாமல், கான்கிரீட்டிலேயே, நுண்துளைகளைப் படிகமாக வளர்ந்து அடைக்கிற கிரிஸ்டலைன் கலவை சேர்த்து, அதையும் தாண்டி வருகிற கசிவை உள்ளே ஒரு கால்வாயில் பிடித்து சம்புக்கு அனுப்புவது. சுவருக்கு முன்னால் மொட்டு மொட்டாக இருக்கும் பிளாஸ்டிக் (எச்டிபிஈ) டிம்பிள் ஷீட், அதற்கு முன்னால் மெல்லிய பிளாக் சுவர், கீழே திறந்து பார்க்கக் கூடிய மூடிகள். அறையில் கொஞ்சம் அகலம் போகும், மகனுக்கு அதில் வருத்தம்தான். வெளியே போய்ச் சரிசெய்ய வழியில்லாத சுவருக்கு உள்ளே வழி வைத்தே ஆக வேண்டும் என்பதால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம்.

கான்கிரீட் போட்ட நாட்கள் (ஏப்ரல் – மே)

ராஃப்ட் ஏப்ரலில் முடிந்தது, அந்த மாதம் பெங்களூரில் மழையே இல்லை. ராஃப்டோடு சேர்த்தே, சுவர் கிளம்புகிற அடிக்கட்டான 4 அங்குல கிக்கரும் போட்டோம். கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கிற கியூரிங்குக்குச் சுத்திகரித்த கழிவுநீர் டேங்கரில் வந்தது. குளோரைடு சோதனைச் சீட்டைப் பார்த்த பிறகே விட்டோம். இந்தியக் கான்கிரீட் தரநிலையான ஐஎஸ் 456 தருகிற வரம்பு, கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம். கியூரிங்குக்கும் அதையே வைத்துக்கொண்டேன்.

சுவர் மே இரண்டாம் வாரம். எம்30 தரக் கான்கிரீட், தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.45. கிக்கரின் நடுவில் ஈரம் பட்டால் உப்புகிற பென்டோனைட் பட்டையை அன்று காலையில்தான் ஆணியடித்தார்கள். முந்தின நாளே அடித்து வைத்தால் கியூரிங் தண்ணீரிலேயே உப்பி, வேலை முடிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் மேஸ்திரி என்னை விடக் கறாராக இருந்தார்.

கான்கிரீட் லாரிகளில் முதல் இரண்டு ஒழுங்காக வந்தன. மூன்றாவது, டின் ஃபாக்டரி சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டது. அது வந்து சேர்வதற்குள் வடக்குச் சுவரில் பாதி உயரத்தில் நின்ற கான்கிரீட் இறுக ஆரம்பித்துவிட்டது. வந்த லாரியிலும் கலவை கெட்டியாகி இருந்தது. பம்ப் ஆள் வழக்கம்போல ஹோஸை எடுத்தான், "ரெண்டு பக்கெட் ஊத்திடலாம் சார்" என்று. ஊற்ற விடவில்லை. பிளான்டில் இருந்து அவர்கள் டெக்னீஷியன் வந்து சூப்பர்பிளாஸ்டிசைசர் போட்டு இளக்கிய பிறகே இறக்கினோம். பழைய கான்கிரீட்டுக்குள் வைப்ரேட்டர் ஊசி சில இடத்தில் இறங்கியது, சில இடத்தில் இறங்கவில்லை. இறங்காத இடமெல்லாம் பழையதும் புதியதும் கலக்காத கோல்டு ஜாயின்ட் என்று எடுத்துக்கொண்டு, ஷட்டர் பிரித்த பிறகு தெரிந்த சாய்வான கோட்டை வரைபடத்திலும் சுவரிலும் சிவப்பு பெயின்டால் குறித்து வைத்தோம்.

ஜூன் 2: மழையே சோதித்துக் கொடுத்தது

2024 ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரில் ஒரே நாளில் 111 மி.மீ. பெய்தது. ஜூன் மாதத்தில் ஒரு நாள் மழைக்கு 133 வருஷ சாதனையை முறியடித்த மழை அது. எங்கள் சைட்டில் நிலைமை: ராஃப்ட் இருக்கிறது, சுவர் நிற்கிறது, மேலே ஸ்லாப் இல்லை, சுற்றி மண் நிரப்பவில்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் உள்ளே தண்ணீர் வருவது பெரிய ஆபத்து இல்லை. கட்டிடமே மிதப்பதுதான் ஆபத்து. கணக்கு சுலபம். ராஃப்டின் எடை சதுர மீட்டருக்கு 1 டன். சுவர்கள் மொத்தம் 96 டன், 140 சதுர மீட்டரில் பிரித்தால் சுமார் 0.7 டன். ஆக 1.7 டன். ஒரு மீட்டர் தண்ணீர் கீழிருந்து ஒரு டன் தூக்கும். ராஃப்டின் அடியில் இருந்து 1.7 மீட்டருக்குத் தண்ணீர் நின்றால் எல்லாம் சமமாகிவிடும், அதற்கு மேல் போனால் ராஃப்ட் கிளம்பும். 1.2 பாதுகாப்புக் காரணி வைத்தால் 1.4 மீட்டர், அதாவது ராஃப்ட் மேல்மட்டத்தில் இருந்து 1 மீட்டர். இதை முன்கூட்டியே போட்டு, சுவரின் வெளிப்பக்கம் 3 அடியில் சிவப்புக் கோடு இழுத்திருந்தோம். மோட்டார் நின்று தண்ணீர் கோட்டைத் தொட்டால் யாரையும் கேட்காமல் உள்ளேயும் தண்ணீரை விட்டுவிடு என்பது வாட்ச்மேனுக்குச் சொல்லி வைத்திருந்த உத்தரவு. உள்ளே தண்ணீர் நின்றால் அதன் எடையே ராஃப்டைப் பிடித்துக்கொள்ளும்.

அன்று ராத்திரி மின்சாரம் போனது. டீசல் பம்ப் தாங்கியது. தண்ணீர் கோட்டுக்கு அரை அடி கீழே வந்து நின்றது.

காலையில் கான்ட்ராக்டர் முழுசாக இறைத்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். மெம்பரேன் இல்லாத மொட்டைச் சுவர், வெளியே இரண்டரை அடித் தண்ணீர், உள்ளே விழுந்த மழைத் தண்ணீரை மட்டும் இறைத்துக் காயவிட்ட ராஃப்ட். இந்த மாதிரி சோதனையைக் காசு கொடுத்தாலும் ஏற்பாடு பண்ண முடியாது. மட்டம் கோட்டைத் தாண்டாமல் பம்ப் ஆளை உட்கார வைத்து, இரண்டு நாள் அப்படியே விட்டோம். உள்ளே மேஸ்திரியும் நானும் டார்ச் லைட்டும் சாக்பீஸுமாகச் சுற்றினோம். தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்த பகுதிக்கு வெளியே இருந்து ஹோஸ் அடித்தோம்.

வழுவழுவென்று இருந்த சுவர்ப் பரப்பு எங்கேயும் நனையவில்லை. நனைந்ததெல்லாம் மூன்று வகை இடங்களில். ஒன்று, ஷட்டரிங்கை இழுத்துப் பிடிக்க விட்ட டை ராடு ஓட்டைகள். பிவிசி குழாயை உள்ளேயே விட்டு, இரண்டு வாயிலும் சிமென்ட் பால் அப்பி மூடியிருந்தார்கள். மேஸ்திரி கட்டுக்கம்பியை நேராக்கி ஒரு ஓட்டையில் குத்தினார், அங்குலம் போனதும் மூடி உடைந்து கம்பி சரசரவென்று உள்ளே போய், பின்னாலேயே கம்பியின் மேல் வழிந்து தண்ணீர் வந்தது. "மூஞ்சிக்கு மட்டும் பவுடர் போட்டிருக்கானுங்க சார்" என்றார். இரண்டாவது, வடக்கில் சிவப்பு பெயின்டால் குறித்திருந்த கோல்டு ஜாயின்ட் கோடு. அதன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேர்த்திருந்தது. மூன்றாவது, தென்கிழக்கு மூலையில் கிக்கர் ஜாயின்ட். பென்டோனைட் பட்டையின் இரண்டு முனையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்று படுத்திருக்க வேண்டும், அங்கே இடைவெளி விட்டிருந்தது.

இதைப் பார்த்த பிறகு செலவு எங்கே போக வேண்டும் என்பதில் வீட்டுக்காரருக்கும் சந்தேகம் இல்லை. டை ராடு குழாய்கள் எல்லாவற்றையும், நனையாதவை உட்பட, துரப்பணம் போட்டு எடுத்து, ஓட்டையைச் சொரசொரப்பாக்கி, சுருங்காத சிமென்ட் கலவையை (கிரவுட்) முழு ஆழத்துக்கும் திணித்தோம். ஒவ்வொன்றையும் கம்பி விட்டுப் பார்த்த பிறகே மேஸ்திரி டிக் போட்டார். கோட்டுக்கும் மூலைக்கும் பியூ இன்ஜெக்‌ஷன்: கோட்டின் மேலும் கீழும் மாற்றி மாற்றிச் சாய்வாகத் துளையிட்டு, சுவரின் நடுவில் ஜாயின்டைத் தொடும்படி, மருந்து ஏற்றுகிற முனையான பேக்கர் பொருத்தி, தண்ணீர் பட்டால் நுரைக்கிற பாலியூரித்தேன் ஏற்றினார்கள். தண்ணீர் வெளியே நிற்கும்போதே இதைச் செய்ததால் நின்றதா நிற்கவில்லையா என்பது உடனே தெரிந்தது. பிறகு எல்லாத் தண்ணீரையும் இறைத்தோம். பேஸ்மென்டுக்கு மேல் ஸ்லாப் ஜூலையில் போட்டோம். ஸ்லாப் பிடித்துக்கொள்ளாமல் இந்த உயரச் சுவருக்குப் பின்னால் மண் தள்ளக் கூடாது என்பதால் அதுவரை குழி திறந்தேதான் கிடந்தது.

மெம்பரேன் (ஆகஸ்ட்)

மூன்று பக்கத்துக்கும் 4 மி.மீ. ஏபிபி டார்ச் மெம்பரேன், அதாவது நெருப்புக் காட்டி உருக்கி ஒட்டுகிற தார் ஷீட், என்று முடிவானது. சிக்கல் என்னவென்றால் ஆகஸ்ட் மாதப் பெங்களூரில் சுவர் காயாது. ஈரச் சுவரில் பிரைமர் அடித்து ஒட்டினால் கொஞ்ச நாளில் கொப்புளம் விடும். ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் துண்டுகளை நாலு ஓரமும் டேப் ஒட்டி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் உள்பக்கம் முத்து முத்தாக ஈரம் இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தால் அந்தப் பக்கம் அன்றைக்கு வேலை இல்லை. கான்ட்ராக்டருக்கு எரிச்சல், ஆட்கூலி ஓடுகிறதே. இருந்தாலும் காத்திருந்தோம்.

ராஃப்டும் சுவரும் சேரும் மூலையில் கலவையைச் சாய்வாக வைத்துக் கோவிங், அதன் மேல் ஒரு கூடுதல் பட்டை, அப்புறம் முழு ஷீட். பக்க ஓவர்லாப் 100 மி.மீ., முனையில் 150. ஒட்டியவர்கள் இந்தி பேசும் பையன்கள், கைவேலை சுத்தம். ஓவர்லாப் ஓரத்தில் உருகின தார் ஒரு கறுப்புக் கோடாகப் பிதுங்கி வெளியே வர வேண்டும், அது வராத இடத்தில் கரண்டி முனையைச் செருகினால் உள்ளே போய்விடும். அப்படிப் போன இடங்களை மறுபடி சூடு காட்டி அழுத்தினார்கள்.

இன்சுலேஷன் பற்றிய வாக்குவாதம்

மகன் நிறைய வீடியோ பார்த்திருந்தார். உள்பக்கம் சட்டம் அடித்து ராக்வூல் பஞ்சு திணித்து பிளைவுட் மூடினால் சத்தமும் அடங்கும், சூடும் அடங்கும் என்றார். சத்தம் வேறு விஷயம். சூட்டைப் பொறுத்தவரை, குளிர்நாட்டில் பேஸ்மென்டை இன்சுலேட் செய்வது உள்ளே இருக்கிற ஹீட்டர் சூடு மண்ணுக்குப் போய்விடாமல் இருக்க. பெங்களூரில் சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை வருஷ சராசரியை ஒட்டி, 24 டிகிரி பக்கத்தில் நிற்கும். அறைக்கு நமக்கு வேண்டியதும் அதே 24. இரண்டு பக்கமும் ஒரே சூடு என்றால் நடுவே இன்சுலேஷன் எதைத் தடுக்கும்? டெல்லியில் மே மாதமும் ஜனவரியும் இருக்கிற இருப்பில் கேட்டால் என் பதில் வேறாக இருக்கும்.

உள்பக்கத் திணிப்பில் பயம் வேறு. புதுக் கான்கிரீட் ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தன் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். வெளியே மெம்பரேன் அடைத்தாயிற்று, அந்த ஈரத்துக்கு உள்பக்கம் ஒன்றுதான் வழி. அங்கேயும் ராக்வூலும் பிளைவுட்டும் வைத்து மூடினால் நடுவில் பூஞ்சை பிடித்து, ஆறு மாதத்தில் அறையே நாறும்.

அதனால் இன்சுலேஷன் பலகையை வெளியே போட்டோம், அதுவும் முக்கியமாக வேறு வேலைக்கு. மண்ணுக்குள் 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் நுரைப் பலகை: மண் நிரப்பும்போது கல் குத்தி மெம்பரேன் கிழியாமல் இருக்க. தெர்மோகோல் விலை குறைவுதான், ஆனால் அது தண்ணீர் குடிக்கும், அழுத்தமும் தாங்காது. எக்ஸ்பிஎஸ் தண்ணீரை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. இன்சுலேஷனாகவே வேலை செய்ய வேண்டிய இடம் ஒன்றுதான், மேற்குச் சுவரில் தரைக்கு மேலே தெரிகிற அந்த 3 அடி. சாயங்கால வெயில் நேராக அடித்து, ராத்திரி வரை உள்ளே சூட்டைத் தள்ளும். அங்கே மட்டும் 50 மி.மீ. பலகை வைத்து, வலை கட்டிப் பூசினோம்.

ஏசி பற்றியும் ஒரு பேச்சு நடந்தது. ஜூலையில் வெளிக்காற்று 24 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் சுமார் 21 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பரப்பிலும் வேர்க்கும். ஏசியை 20இல் வைத்துச் சுவரைக் குளிர வைத்துவிட்டு, கதவைத் திறந்து அந்தக் காற்றை உள்ளே விட்டால் சுவர் வேர்க்கத்தான் செய்யும், அதைப் பார்த்துக் கசிவு என்று எனக்கு போன் வரும். ஆகவே ஏசி 24க்குக் கீழே வேண்டாம், அதோடு காற்றின் ஈரத்தை இழுக்கிற டீஹியூமிடிஃபையர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

மண் நிரப்பியது (செப்டம்பர்)

சைட் ஓரத்தில் உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டு, பூச்சுக் கழிவு எல்லாம் மலையாகக் கிடந்தது. அதைக் குழியில் தள்ளினால் லாரிச் செலவு மிச்சம் என்பது கான்ட்ராக்டர் கணக்கு, வீட்டுக்காரரும் கொஞ்சம் சாய்ந்தார். விடவில்லை. கூர்மையான கழிவு பலகையையும் தாண்டிக் குத்தும், உள்ளே பொந்து பொந்தாக நின்று தண்ணீரைச் சேர்த்துவைக்கும். ராஃப்ட் மட்டத்தில் ஓட்டைக் குழாயை ஜியோடெக்ஸ்டைல் வடிகட்டித் துணி சுற்றி, வெளியே ஒரு சின்ன சம்புக்குப் போகும்படி வைத்தோம். சுவரை ஒட்டி ஒரு அடிக்கு ஜல்லி, அதற்கு அப்பால் கிராவலை ஒரு அடிக்கும் குறைவான அடுக்குகளாகப் போட்டு இடித்தோம். மேல் ஒரு அடிக்குக் களிப்பான செம்மண், அதன் மேல் சுவரை விட்டு வெளியே சாய்ந்த தளம்.

இன்னொரு விஷயம் கடைசி நேரத்தில் கண்ணில் பட்டது. இந்த அளவு மனைக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். வரைபடம் போட்டவர், மழைநீரை நிலத்துக்குள் இறக்குகிற ரீசார்ஜ் குழியைத் தெற்குச் சுவரில் இருந்து 4 அடியில் குறித்திருந்தார்! மொட்டை மாடித் தண்ணீர் முழுவதையும் பைப் போட்டு பேஸ்மென்ட் சுவரிடம் கொண்டுவந்து ஊற்றுகிற ஏற்பாடு. மாடித் தண்ணீரை வடிகட்டி வீட்டு சம்புக்குத் திருப்பிவிட்டு, நிரம்பி வழிவதற்கு மட்டும் ரீசார்ஜ் குழியை முன்பக்க மூலைக்கு நகர்த்தினோம். பெங்களூரில் பேஸ்மென்ட் கட்டுகிற எல்லாரும் தங்கள் வரைபடத்தில் இதை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

அக்டோபர் 2024

எலகங்கா பக்கம் அடுக்ககங்களைத் தண்ணீர் சூழ்ந்த அதே மழை. இங்கே மூன்று பக்கச் சுவரும் காய்ந்திருந்தன. வடக்கில் பெயின்ட் கோட்டின் ஒரு முனையில் லேசான கசிவு, டிம்பிள் ஷீட்டுக்குப் பின்னால் இறங்கிக் கால்வாயில் சம்புக்குப் போனது. எதிர்பார்த்ததுதான், அதற்குத்தான் அந்த ஏற்பாடு.

எதிர்பாராதது மேற்குச் சுவரில். காலையில் பார்த்தால் எலக்ட்ரிக் போர்டுக்குக் கீழே தரையில் தண்ணீர். மெம்பரேன் போச்சு என்று எல்லாரும் பயந்தார்கள். சுவரைத் தொட்டால் காய்ந்திருந்தது. போர்டின் மூடியைக் கழற்றினால் கேபிள் வருகிற கான்ட்யூட் குழாயின் வாயில் இருந்தே தண்ணீர் வடிகிறது. மண் நிரப்புவதற்குக் கொஞ்சம் முன்னால் எலக்ட்ரீஷியன் அந்தக் குழாயை விட்டிருந்தார். குழாயைச் சுற்றி ஒழுங்காக அடைத்திருந்தோம், அதில் குறையில்லை. ஆனால் வெளியே கேபிள் சேம்பர் தாழ்வான இடத்தில் இருந்தது, மழையில் அது நிரம்பி, தண்ணீர் குழாய்க்குள்ளேயே பயணம் செய்து உள்ளே வந்துவிட்டது. மெயினை அணைத்துவிட்டு, குழாயின் இரண்டு வாயையும் கேபிளைச் சுற்றி சீலன்ட் போட்டு அடைத்தோம். சேம்பரை உயர்த்தி, அதன் அடியில் ஜல்லி போட்டோம். மெயின் போர்டையும் சம்ப் பம்பின் ஸ்விட்ச் பேனலையும் தரைத்தளத்துக்கு மாற்றச் சொன்னேன். அடுத்த வருஷம் மே மழையில் பிடிஎம் லேஅவுட் பக்கம் ஒரு அடுக்ககத்தில் பேஸ்மென்ட் தண்ணீரை இறைக்கும்போது மின்சாரம் தாக்கி இரண்டு பேர் இறந்ததைப் படித்தபோது, இந்த மாற்றத்துக்காக யாரும் பிறகு செலவுக் கணக்கு கேட்கவில்லை.

டிசம்பரில் மகன் போன் செய்தார். கதவை மூடிவைத்த அறையில் மிருதங்கம் சுருதி இறங்குகிறது, கசிவு எங்கேயோ இருக்கிறது என்று. ஈரப்பதமானி வைத்துப் பார்த்ததில் 78 சதவீதம். சுவரிலோ தரையிலோ தண்ணீர் இல்லை. கான்கிரீட் விடுகிற ஈரம்தான். வாத்தியங்களை மேல் மாடிக்கு ஏற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் ஓடவிட்டு, கோடை முடியும் வரை உள்ளே பெயின்டோ மரவேலையோ வேண்டாம் என்று நிறுத்தினோம். குடும்பத்துக்கு இது பிடிக்கவில்லை, கிரகப்பிரவேசம் முடிந்த வீட்டில் ஒரு அறை மட்டும் வெறும் கான்கிரீட்டாக நின்றது.

மே 2025க்குப் பிறகு

மே 18, 19 தேதிகளில் மறுபடியும் 100 மி.மீ.க்கு மேல் மழை. கான்ட்யூட் காய்ந்திருந்தது, மூன்று சுவரும் காய்ந்திருந்தன, வடக்குக் கால்வாயில் ஈரம் மட்டும். அறையில் ஈரப்பதம் டீஹியூமிடிஃபையர் ஓடும்போது 60 சதவீதத்துக்குள் நிற்கிறது. அதன் பிறகு மூச்சு விடுகிற சுண்ணாம்புப் பூச்சு பூசினார்கள். சத்தத்துக்கான பலகைகளைச் சுவரை விட்டு 2 அங்குலம் தள்ளி, கீழும் மேலும் காற்று போகும்படி தொங்கவிட்டிருக்கிறார்கள். வாத்தியங்கள் கீழே வந்தாயிற்று.

அடுத்த கட்டிடத்தில் மாறப் போவது

டை ராடுக்கு பிவிசி குழாய் வேண்டாம். நடுவில் தண்ணீரைத் தடுக்கிற வாட்டர் பார் உள்ள, சுவரிலேயே விட்டுவிடுகிற டை கிடைக்கிறது, விலை கூடுதல், ஆனால் இங்கே ஓட்டைகளைத் தோண்டி அடைத்த கூலியோடு ஒப்பிட்டால் கூடுதல் என்று சொல்ல முடியாது. சுவர்க் கான்கிரீட் நெரிசல் இல்லாத ராத்திரியில், பக்கத்து வீடுகளிடம் முன்கூட்டியே பேசிவைத்து. சுவரைத் துளைக்கிற எல்லாக் குழாயும், கேபிள், பிளம்பிங், ஏசி, எதுவானாலும் ஷட்டரிங் நேரத்திலேயே உறைக்குழாய் (ஸ்லீவ்) வைத்ததாக இருக்க வேண்டும், மெம்பரேனுக்குப் பிறகு எலக்ட்ரீஷியன் சுவர்ப் பக்கம் போகக் கூடாது. இயற்கையாக மழை வந்து சோதிக்காவிட்டால், மிதப்புக் கணக்கைப் போட்டு அந்த அளவுக்கு டேங்கர் தண்ணீரை விட்டாவது மொட்டைச் சுவரைச் சோதிப்பேன்.

வடக்குக் கால்வாய்க்கு மட்டும் தொடர் வேலை இருக்கிறது. கான்கிரீட் வழியாகக் கசிகிற தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து கால்வாயில் வெள்ளையாகப் படிய வைக்கும், விட்டால் கல்லாக இறுகி அடைத்துவிடும். மழைக்கு முன்னால் மே மாதமும் மழைக்குப் பின்னால் டிசம்பரிலும் மூடிகளைத் திறந்து பிரஷ் போட்டுத் தண்ணீர் அடிக்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், சம்ப் பம்புக்கு இன்வெர்ட்டர் இணைப்பும் கொடுத்தாயிற்று.